வளரும் பிள்ளைக்குத் தைத்த டேங்க்

பள்ளிச் சீருடை தைக்கிற அந்தத் தையல்காரர், எதை வெட்டினாலும் வளர்ச்சிக்கென்று கொஞ்சம் விட்டுத்தான் வெட்டுவார். பிள்ளைகள் வளர்வார்கள், கால்சட்டை வளராது என்பது அவர் கட்சி. அவர் புண்ணியத்தில் ஊரில் பாதிப் பிள்ளைகள் முதல் வருடம் முழுக்கச் சாக்குக்குள் விழுந்த பூனைக்குட்டி மாதிரி நடந்தார்கள்.

அவர் வீட்டு முன்னறையில் நான்கு வருடமாக ஒரு மோட்டார் சைக்கிள் குடித்தனம் நடத்தியது. அவருக்கு முன்பே பிறந்த வண்டி. நாற்காலி போட இடமில்லாததால், வந்தவர்கள் அதன் சீட்டில்தான் உட்கார வேண்டும். மனைவியும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்குப் பழைய இரும்புக்காரரை வரச் சொல்லியிருக்கேன். அதுக்குள்ள ஓடினா வண்டி, ஓடலைன்னா இரும்பு."

அவள் சொன்னால் சொன்னதுதான். அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மிச்சமிருந்த வேலை பெட்ரோல் டேங்க் ஒன்றுதான். உள்ளே ஒரே துரு. வினிகர் ஊற்றி இரண்டு நாள் ஊற வைத்தார். பிறகு மிச்சத் துருவைச் சுரண்ட முப்பத்தொரு நட்டுகளை உள்ளே போட்டு, மூடியைத் திருகி, மடியில் கிடத்திக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார்.

"நம்ம புள்ளைங்கள ஒரு நாளாவது இப்படி மடியில போட்டிருப்பீங்களா?"

அவர் இன்னும் வேகமாகக் குலுக்கினார். வெளியே கொட்டியபோது முப்பதுதான் வந்தது. முப்பத்தொன்றாவது நட்டுக்காக டேங்கைத் தலைகீழாகப் பிடித்து அரை நாள் மன்றாடினார். அது வந்து சேர்ந்ததும் கழுவி, காயவைத்து, கரும்பச்சைப் பெயிண்ட் அடித்தார்.

ஞாயிறு காலை வண்டியை வாசலுக்குத் தள்ளி, டேங்கைச் சட்டத்தில் ஏற்றினார். அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. புது ரப்பர் குழாய் ஒன்றை வெட்டி மாட்டி, முன்ஜாக்கிரதையாக அரை லிட்டர் பெட்ரோல் மட்டும் ஊற்றினார். ஏழாவது உதையில் இன்ஜின் பிடித்தது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணைத் துடைப்பதற்குள் வண்டி இருமி நின்றது. உதைத்தார், உதைத்தார், சட்டை நனைந்ததுதான் மிச்சம். இரும்புக்காரர் வேறு தராசோடு வந்து நின்றார்.

மனைவி குனிந்து பார்த்தாள். டேங்கிலிருந்து நேராக இன்ஜினுக்கு இறங்க வேண்டிய ரப்பர் குழாய், நீளம் தாங்காமல் டேங்கின் மட்டத்துக்கு வளைந்தேறி, அப்புறம்தான் இறங்கியது. ஊற்றிய வேகத்தில் கொஞ்சம் தாண்டியது போக, மிச்சப் பெட்ரோல் அந்த மேட்டை எப்படி ஏறும்?

"என்னங்க இது, இவ்ளோ நீளம்?"

"கொஞ்சம் விட்டு வெட்டினேன்."

"எதுக்கு? டேங்க் வளரப் போகுதா?"

இரும்புக்காரர் சிரிப்பு தாங்காமல் தராசைக் கீழே வைத்தார்.

அவள் உள்ளே போய் அவருடைய கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். துணியைத் தவிர வேறெதையும் தொடவிடாத கத்தரிக்கோல். முன்பு அவள் அதில் காகிதம் வெட்டியதற்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தவர் அவர்.

"பெட்ரோலை மூடுங்க. நீங்க வெட்டுறீங்களா, நான் வெட்டவா?"

மூடினார். பல்லைக் கடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் முறையாக, ஒரு நூல்கூட விடாமல் வெட்டினார்.

இந்த முறை இரண்டாவது உதையில் பிடித்த இன்ஜின் நிற்கவே இல்லை. ஐந்து நிமிடம் நம்பிக்கையோடு காத்திருந்த இரும்புக்காரர், "இது நம்ம சரக்கில்லம்மா" என்று தராசைத் தூக்கிக்கொண்டு போனார்.

மனைவி விறுவிறுவென்று உள்ளே போனாள். கோபமோ என்று அவர் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். திரும்பி வந்தபோது நல்ல உடுப்பு மாற்றி, தலை சீவி, கைப்பையோடு வந்தாள். வந்தவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"என் தங்கச்சி வீட்டு வழியா போங்க. இது இந்த ஜென்மத்துல ஓடாதுன்னு சொன்னவ அவ. அவ வீட்டு முன்னாடி ஹாரன் அடிங்க."

"ஹாரன் இன்னும் மாட்டலையே."

"பரவாயில்ல, நான் கத்துறேன்."