மாற்றுச் சேலை

முதலில் தேங்காய் எண்ணெய். இரண்டு விரலில் தொட்டு, குழந்தையின் காதுமடலுக்குப் பின்னால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பட்டாசு வேலை பார்க்கும் அம்மாவிடமிருந்து வீட்டில் ஒட்டிய அலுமினியப் பொடி தண்ணீருக்கு அசையாது. எண்ணெய் பட்டால்தான் தோலை விட்டுக் கிளம்பும். பிறகு கடலை மாவு, அதன்பின் வெதுவெதுப்பான தண்ணீர். வள்ளித்தாயின் இடது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. ஆனாலும் குழந்தை அழத் தொடங்குவதற்குள் கழுத்து மடிப்பு, விரலிடுக்கு எல்லாம் முடிந்துவிடும்.

அச்சங்குளத்தில் பட்டாசு வேலைக்குப் போகும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை வள்ளித்தாயிடம்தான் விட்டுப் போனார்கள். ஊர்க் கோடியில் இரண்டு அறை, ஒரு முற்றம், வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். அரசாங்கம் நடத்துவதல்ல, அவளே தொடங்கியது. அதற்கு முன் அவளும் விஸ்வநத்தத்துப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் வேலை பார்த்தவள்தான். ஒரு சாயங்காலம் வேலைச் சேலையோடு வந்து அடுப்பு முன்னால் குந்தினாள். முந்தானையில் ஏறியிருந்த மருந்துத் தூள் குப்பென்று பிடித்துக்கொண்டது. கையாலேயே அணைத்தாள். விரல்கள் அப்படிப் போனவை.

அதனால் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. மத்தியானம் பால் கொடுக்க வரும் தாய், வேலைச் சேலையோடு வாசலைத் தாண்டக் கூடாது. வெளியே வேப்பமரத்திலிருந்து சுவர்வரை கட்டிய கயிற்றில் துவைத்த பழஞ்சேலைகள் தொங்கும். தட்டி மறைவில் போய் மாற்றி, கை முகம் கழுவிய பிறகுதான் பிள்ளையைத் தொடலாம்.

பெண்களுக்கு இது ஆத்திரம். சாப்பாட்டு நேரமே கொஞ்சம். அதைவிட, வாசலில் நிறுத்தப்படுவது அவர்களுக்கு வேறு எதையோ சொன்னது. அவர்களுடைய அம்மாக்கள் காட்டு வேலைக்குப் போன வீடுகளில் எந்த இடம்வரை போகலாம், எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் இன்னும் மறந்துபோகவில்லை.

"நீயும் எங்க தெருக்காரிதான?" என்று சோலையம்மாள் ஒருநாள் கேட்டேவிட்டாள். வெடிக்குத் திரி வைக்கும் வேலை அவளுக்கு. ஒன்றரை வயது மகள் மாரிசெல்வியை அங்கே விட்டிருந்தாள். "என்னமோ மேலத்தெருக்காரி கணக்கா வாசல்ல நிப்பாட்டுறியே. நாங்க என்ன தீட்டா?"

"தீட்டுன்னா தண்ணி ஊத்துனாப் போயிரும். இது போகாது. மாத்திட்டு வா."

"ரொம்பத்தேன்."

கும்பகோணத்துப் பள்ளியில் பிள்ளைகள் தீயில் போன பிறகு, பிள்ளைகள் இருக்கிற இடங்களில் எல்லாம் கூரையையும் வாசலையும் பற்றிக் கேள்வி எழுந்தது. அடுத்த வருஷம் அச்சங்குளத்துக்கும் ஆள் வந்தது. இனி உரிமம் இல்லாமல் பிள்ளைகளை வைத்திருக்க முடியாது. ஓலை கூடாது. இரண்டாவது வாசல் வேண்டும். எரிகிற பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. ஒன்று குறைந்தாலும் பூட்டு.

வள்ளித்தாய் ஓலையைப் பிரித்துத் தகரம் போட்டாள். பின்சுவரை உடைத்து, பட்டாசு அறைகளில் இருப்பதைப் போலவே வெளிப்பக்கம் திறக்கிற கதவு வைத்தாள். இதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பு இல்லை. அந்தக் கையை எந்தக் கம்பெனியும் வேலைக்கு எடுக்காது.

அதிகாரி வரப்போவதாகச் சொன்ன நாள் புரட்டாசியில் விழுந்தது. தீபாவளிச் சீசன். அன்று முற்பகலில், ஈரத்துணி மாற்ற மாரிசெல்வியின் தொட்டிலடியில் குனிந்தவளின் கையில் ஒரு மஞ்சள் பை தட்டுப்பட்டது. அவிழ்த்தாள். உள்ளே உதிரி வெடி, பின்னுகிற நூல்.

எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும். சீசனில் கம்பெனி மேஸ்திரி காளிராஜ் சரம் பின்னுவதற்கு வெடியை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவான். கொடுக்கக் கூடாது, ஆனால் கொடுப்பான். பெண்கள் அதைக் கட்டாத பூவைப்போல எங்கேயும் வைப்பார்கள். அடுக்களையில், தலைமாட்டில், பிள்ளையின் துணியோடு. நாளெல்லாம் தொட்டுத் தொட்டு அதன்மேல் பயமே விட்டுப்போயிருந்தது.

வள்ளித்தாய் பையை அப்படியே முற்றத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கினாள். அது ஊறி முடிப்பதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி லட்சுமிகாந்தம் நிதானமான பெண்மணி. கூரையைப் பார்த்தார். பின்கதவைத் தானே தள்ளித் திறந்து பார்த்தார். முற்றத்துக்கு வருவதற்கும் சோலையம்மாள் மேலெல்லாம் அலுமினியப் பொடியோடு வாசலேறுவதற்கும் சரியாக இருந்தது. வள்ளித்தாய் கையைக் குறுக்கே நீட்டினாள்.

"மாத்திட்டு வா."

"மாத்த மாட்டேன். மேடம், நல்ல நேரத்துக்கு வந்திருக்கீக! பெத்த புள்ளயத் தொட எம்புட்டுக் கெடுபிடி பாருங்க. வாசல்லயே நிப்பாட்டி ஒதுக்குறா. அதையும் எழுதுங்க!"

லட்சுமிகாந்தத்தின் முகம் மாறியது. "ஆள் பார்த்து ஒதுக்குறீங்களா? அப்படின்னா உரிமமே கிடையாது, தெரியுமா?"

"ஆளப் பாக்கல மேடம். சேலையப் பாக்குறேன். மருந்துத் தூளு."

அதிகாரி திரும்பியபோதுதான் தொட்டி கண்ணில் பட்டது. வெடிகளின் சிவப்புச் சாயம் தண்ணீரெல்லாம் பரவியிருந்தது.

"இது என்ன?"

"வெடி. காலையில தொட்டிலுக்குக் கீழ கெடந்துச்சு. நனைச்சுப் போட்டேன்."

"பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வெடி." அவர் குரல் உயரவில்லை. "யார் வைத்தது? சொல்லாவிட்டால் உங்களுடையது என்றுதான் எடுத்துக்கொள்வேன். இப்பவே பூட்டிவிட்டுப் போவேன்."

சோலையம்மாள் வாசலிலிருந்து ஒரு அடி பின்வாங்கினாள். அவள் வள்ளித்தாயின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"இவதான்," என்றாள் வள்ளித்தாய்.

உரிமம் வரும் என்று லட்சுமிகாந்தம் சொன்னார். உடை மாற்றத் தட்டி போதாது, குழாயோடு தனி அறை வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார். வேலைச் சேலையை உள்ளே விடக் கூடாது என்பதையும் எழுத்தில் சேர்த்துக்கொண்டார். அங்கிருந்து ஜீப் நேராகக் கம்பெனிக்குப் போனது. காளிராஜ் கையை விரித்தான். "நாங்க வெளிய ஒரு வெடிகூடக் குடுக்கிறதில்ல மேடம். இந்தப் பொம்பள திருடிட்டுப் போயிருக்கா." முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பையில் அள்ளிப் போட்டது அவன் கைதான்.

சாயங்காலம் மற்றப் பெண்களோடு சோலையம்மாளும் வந்தாள். நாளையிலிருந்து அவளுக்கு வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் கயிற்றுப் பக்கம் போகவில்லை.

"காட்டிக் குடுத்து லைசென்ஸ் வாங்கிட்டா," என்றாள் ஒருத்தி. "ஃபிரேம் போட்டு மாட்டிக்கிட வேண்டியதுதான்."

"எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே," என்றாள் சோலையம்மாள். "நல்லாருப்பியா நீ? எம் புள்ளயக் குடு. இனி இந்த வாசல்ல மிதிக்க மாட்டேன்."

"பேரு கேட்டாக, சொன்னேன். வெடி தொட்டிலுக்குக் கீழ இருந்துச்சு. மேல ஒன் புள்ள படுத்திருந்தா."

"குடுடீ!"

"மாத்திட்டு வா."

"நாளைக்கு எனக்கு வேலையே இல்ல! இன்னும் என்னத்த மாத்த?"

"இன்னிக்குப் பாத்த வேலை சேலையில இருக்கு."

பெண்கள் முணுமுணுத்தார்கள். ஒருத்தி தரையில் காறித் துப்பினாள். வள்ளித்தாய் நகரவில்லை. இடுப்பில் மாரிசெல்வி, எண்ணெய் தேய்த்துக் குளித்த மினுமினுப்போடு, தாயைப் பார்த்துக் கையை நீட்டிச் சிணுங்கினாள். சோலையம்மாள் கயிற்றிலிருந்த ஒரு சேலையை வெடுக்கென்று உருவிக்கொண்டு தட்டிக்குப் பின்னால் போனாள். உள்ளேயிருந்து வசவு கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தமும் கேட்டது.

அவள் வந்து முன்னால் நின்றபோது வள்ளித்தாய் அவள் முழங்கையைப் பார்த்தாள், கழுத்தைப் பார்த்தாள். பிறகு குழந்தையின் காதுமடலுக்குப் பின்னால் மடங்காத விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, தாயின் கையில் கொடுத்தாள்.