கூடத்தில் நோயாளிகள், குளியலறையில் என் மீன்கள்

மதுரையில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் என் மகன் மீன் கடை முன்னால் காரை நிறுத்தினான். எனக்கு எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை வாங்க அவன் நிறுத்தவில்லை. மருந்து சிவகாசியிலேயே கிடைக்குமாம். இந்த மீன் கிடைக்காதாம்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே ஒரு கண்ணாடித் தொட்டி உண்டு. அதில் நாலு கௌராமி மீன்கள். தொட்டி வாங்கியபோது கடைக்காரர் சும்மா போட்டுக் கொடுத்தவை. சும்மா வந்தவை என்பதால் வீட்டில் யாரும் அவற்றை மதித்ததில்லை. தீனி போடுவது நான்தான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் பேச வேண்டுமென்றால் வேர்த்துவிடும். காகிதத்தில் எழுதுவது வேறு, அது நம் முகத்தைப் பார்ப்பதில்லை. காலையில் நான் கூடத்துக்குள் வந்தால் திரும்பிப் பார்ப்பது அந்த நாலு மீன்கள் மட்டும்தான். மற்றவர்கள் கைப்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்போது புது மீனுக்கு என்ன அவசரம் என்றால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகளின் அக்காவும் அவள் வீட்டுக்காரரும் இருக்கன்குடி கோயிலுக்குப் போய்விட்டு எங்கள் வீட்டில் சாப்பிட வருகிறார்கள். அவர்களுக்கு விருதுநகரில் எண்ணெய் வியாபாரம். அவர்கள் வீட்டிலும் மீன் தொட்டி உண்டு, எங்களுடையதைவிட ரெண்டு மடங்கு. அந்த ரெண்டு மடங்கு என் மகனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கடையில் என்னை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். அவன் தேடி வந்தது சிக்லிட் என்கிற மீனில் குட்டை ரகம். எங்கேயோ தென் அமெரிக்க ஆற்றில் பிறந்த சாதி, சிங்கப்பூர் வழியாக வருகிறது. விரல் நீளம்கூட இல்லை. அந்த நீளத்துக்குள் நீலம், மஞ்சள், சிவப்பு எல்லாம் இருந்தன. என் மகனுக்கு அச்சாபீஸ். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறவன். கலரைக் கண்டால் விட மாட்டான். சட்டைப் பையிலிருந்து அச்சுப் பார்க்கிற லென்ஸை எடுத்துக் கண்ணாடியில் வைத்தே பார்த்தான்.

கடைக்காரர் ஒரு மூலைத் தொட்டியைக் காட்டினார். "இத எடுங்க சார். வந்து ஒரு மாசமாச்சு. நல்லாத் தீனி எடுக்குது, வயிறு பாருங்க, நெறஞ்சிருக்கு."

"மாசமாச்சா? போன சீசன் சரக்க என் தலைல கட்டாதீக அண்ணாச்சி. புது லோடு எது?"

"நேத்துதான் ஒரு லோடு எறங்குச்சு. ஆனா அது இன்னும் தீனிக்கு வாய் தெறக்கல சார். கொஞ்ச நாள் போகட்டும்."

"அதத்தான் கேக்கேன். ஃப்ரெஷ்ஷா இருக்குல்ல!"

எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழைய ஸ்டாக் என்றால் நமுத்துப்போன வெடி என்று அர்த்தம். புது ஸ்டாக் என்றால் நம்பி வாங்கலாம். அவன் மீனையும் அதே கணக்கில் வாங்கினான். விமானத்தில் பைக்குள் அடைபட்டு, அரை உயிராக வந்திறங்கி, செவுள் படபடவென்று அடித்துக்கொள்ள மூலையில் ஒதுங்கி நின்றவற்றைக் காட்டி, "பாரும்மா, எம்புட்டு அடக்கமா இருக்கு" என்றான். கடைக்காரர், கலர் இப்படித் தூக்கலாக இருந்தால் வரும் வழியில் மருந்து கொடுத்துக்கூடக் கலரை ஏற்றியிருப்பார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். என் மகன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான். பையைக் கட்டும்போது கடைக்காரர் கடைசியாக, "ஒரு மாசமாவது தனியா வச்சுப் பாத்துட்டு மத்த மீனோட விடுங்க" என்றார்.

"தனியாத்தான வைக்கணும்? வச்சிருவோம்."

வைத்தான். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக என் கௌராமிகளை வலையில் அள்ளிக் குளியலறை வாளியில் போட்டான். கூடத்துத் தொட்டி சிங்கப்பூர்க்காரர்களுக்கு.

"நம்ம ஊர் மீனுட்டருந்து அதுகளுக்கு ஏதாச்சும் ஒட்டிரும்மா" என்றான்.

மருமகள், "அந்த வாளி எனக்குத் துணி அலச வேணும்ங்க. அதுகளப் பேசாமக் கெணத்துல விட்றலாம்ல?" என்றாள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் இருக்கட்டும்" என்று அவன் தவணை கொடுத்தான். கௌராமி மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும், வாளியிலும் பிழைக்கும். கிணறு என்றால் நான் எட்டிப் பார்க்கவும் முடியாது.

கூடத்தில் ராஜ உபசாரம் நடந்தது. குழாய்த் தண்ணீர் உப்பு என்று மீனுக்குக் கேன் தண்ணீர். எங்களுக்கு அதே குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வைத்தார்கள். சிவகாசி வெயிலில் மனிதர்கள் வெந்துகொண்டிருக்க, தொட்டிக்குள் ஹீட்டர் போட்டார்கள். என்ன போட்டு என்ன? புதன்கிழமைக்குள் கலர் இறங்கியது. தீனியை வாயில் வாங்கித் துப்பின. வயிறு ஒட்டி, பின்னால் வெள்ளையாக நூல் தொங்கியது.

"பிரயாணக் களப்பு" என்றான் மகன். களைப்புக்கு நீல மருந்து ஊற்றினான். அது கேட்கவில்லை என்று மஞ்சள் மருந்து ஊற்றினான். தொட்டி அச்சாபீஸில் மை கழுவிய தண்ணீர்போல ஆயிற்று. கடைக்குப் போன் போட்டால் அவர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வாங்குறப்போ அது திங்கிறதப் பாத்தீங்களா சார்?" இவன் போனை வைத்துவிட்டான். வெள்ளியன்று ஒன்று மிதந்தது. ஞாயிறு காலையில் மிதக்க மிச்சம் எதுவும் இல்லை.

விருந்தாளிகள் சாத்தூர் தாண்டிவிட்டோம் என்று போனில் சொன்னபோது, அவன் வலையைத் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் வந்தான். என்ன செய்யப் போகிறான் என்று புரிந்துவிட்டது. எதிர்த்து நின்று பேச எனக்கு வராது. அவனுக்கு முன்னால் உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

"ஏம்மா, கதவத் தெற. ரெண்டு மணி நேரந்தான். அவுக போனதும் எடுத்திருவேன்."

"அந்தத் தண்ணிலயா விடப் போற?"

"தண்ணிக்கு என்ன? அம்புட்டு மருந்தும் போட்டிருக்கு."

"அப்ப நீ ஒரு டம்ளர் குடி பாப்பம்." நடுவில் கதவு இருந்ததால் எனக்குத் தைரியம் வந்திருந்தது.

அதற்குள் கார் வந்து நின்றது. "அத்தைய எங்க காணோம்?" என்று அக்காக்காரி கேட்டாள். "அவுகளுக்கு வயிறு சரியில்லக்கா. காலைலருந்து உள்ளதான் இருக்காக" என்று மருமகள் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னாள். நான் வாளிப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் வீட்டுக்காரர் தொட்டியைப் பார்த்துவிட்டார். "என்ன சகல, வெறுந் தண்ணிய வளக்கீக?"

"மீனு வந்துச்சு சகல. கரண்டு சரியில்ல, போயிருச்சு."

"நம்ம வீட்லயும் அதே கததான், பழைய மீனு புது மீனு அம்புட்டும் போச்சு. கரண்டேதான்!" என்றார் அவரும், பெரிய சந்தோஷத்தோடு. அடுத்த லோடு வந்த அன்றைக்கே ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆர்டர் போடுவதென்று பேசி முடித்தார்கள்.

எனக்குக் கேடு அக்காக்காரி வடிவத்தில் வந்தது. நல்ல பெண். மோரில் வெந்தயம் போட்டுக் கொண்டுவந்து கதவைத் தட்டினாள். "அத்தை, தெறங்க. மயக்கம் கியக்கம் வந்திரப் போகுது." திறக்காவிட்டால் கதவை உடைத்துவிடுவாளோ என்று பயந்து திறந்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாளியை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏங்க, இங்கன வாங்க! அத்தை எம்புட்டு அழகா மீனு வச்சிருக்காக!"

ஆண்கள் ரெண்டு பேரும் குளியலறை வாசலுக்கே வந்துவிட்டார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "ஜம்முன்னு இருக்கே சகல! இத ஒளிச்சு வச்சுக்கிட்டா கரண்டுங்கீக? ரெண்டு குடுங்க. எங்க தொட்டி சும்மாத்தான் கெடக்கு."

என் மகனுக்கு முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "எடுத்துக்கிடுங்க சகல. தனியா வச்சுப் பக்குவமாப் பாத்த மீனாக்கும்." வலை இன்னும் அவன் கையில்தான் இருந்தது. குனிந்தான்.

"தர மாட்டேன்" என்றேன்.

விருந்தாளி முன்னால் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அது கரகரவென்று வேறு வந்தது. அக்காக்காரி மோர் டம்ளரை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் நின்றாள். மகன் நிமிர்ந்து, "அம்மாவுக்கு ஒடம்பு முடியல" என்றான்.

"ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. செத்த மீன் கெடந்த தொட்டிக்கு என் மீனத் தர மாட்டேன். கெணத்துக்கும் தர மாட்டேன்" என்றேன். மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ரெண்டு மீனுக்குக் கணக்குப் பார்த்த கிழவி என்று விருதுநகரில் பேச்சு. வயிற்றுப்போக்கு செய்தியும் கூடவே போயிருக்கிறது. நின்றுவிட்டதா என்று போனில் கேட்கிறார்கள். நின்றுவிட்டது என்கிறேன்.

மருமகள் வேறு வாளி வாங்கிக்கொண்டாள். என் வாளி குளியலறையிலேயே இருக்கிறது. குளிக்கப் போகிறவர்கள் சோப்பு நுரை தெறிக்காமல் அதன்மேல் தட்டை மூடிவிட்டுத்தான் குளிக்க வேண்டும். என் மகன் மூடுகிறான். மூடினானா என்று நான் போய்ப் பார்க்கிறேன்.