கிணற்றுக்குள் ஃபிளாஷ்

கீழ்பென்னாத்தூர் தாண்டி, இந்தப் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலை வயல் ஒன்றின் கிணற்றுக்குள் கேமராவோடு மூழ்கி மூழ்கி எழுகிறேன். நாளை புதுச்சேரிக் கடலில் முதல்முறையாகப் படமெடுக்கப் போகிறேன். அதற்குள் இந்தப் புது ஃபிளாஷ் கைக்குப் பழகியாக வேண்டும்.

எடுத்த படமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், மீனையே காணோம். ஃபிளாஷை முழு பலத்தில் நேராக அடித்தது என் தப்பு. வெளிச்சம் தண்ணீரில் மிதக்கும் மண்ணில் பட்டுத் திரும்புகிறது. பலத்தைப் பாதியாக்கி, ஃபிளாஷைப் பக்கவாட்டில் தள்ளி வைக்கிறேன். புள்ளிகள் குறைகின்றன, போகவில்லை. வயலுக்குப் பாய்ச்சும் மோட்டார் அடிச்சேற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது.

கிணற்றுக்குச் சொந்தக்காரரான மஞ்சுளா அக்கா மேலிருந்து எட்டிப் பார்க்கிறார்.

"என்னாங்க, மீனு மாட்டலயா?"

"தண்ணி கலங்கலா இருக்குதுக்கா."

போய் மோட்டாரை நிறுத்துகிறார். மண் அடங்கும்வரை காத்திருக்கிறேன். கல்லிடுக்கில் ஒரு கெண்டை, செதில் செதிலாகப் படத்தில் விழுகிறது. படியேறி ஓடி, கேமராத் திரையில் காட்டுகிறேன்.

"யப்பா, கண்ணுகூட தெரியுதே!"

"போதும்க்கா, மோட்டாரப் போடுங்க."

"மோட்டாருக்கு விடற கரண்ட் அப்பவே போயிடுச்சு. இனி நாளைக்குத்தான் வரும்."

வயலில் பாதிதான் நனைந்திருக்கிறது. அவர் கண் இன்னும் அந்தக் கெண்டைமீதே இருக்கிறது.

"மல்லாட்டைக்கு ஒண்ணும் ஆவாது. இன்னொரு தபா இறங்குங்க, தண்ணி இப்பதான் நல்லா தெளிஞ்சிருக்குது."