மஞ்சள் துணி கட்டிய ஃபோர்வீல்

ஈப்போவுக்குப் பக்கத்தில், செமோரில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய ஃபோர்வீல் வண்டி என்னைவிட மூத்தது. அதற்கு இல்லாத வியாதி இல்லை. கியர்பெட்டியில் எண்ணெய் ஒழுகும். வேகம் எடுத்தால் ஸ்டியரிங் கையை உதறும். ஆற்றில் இறங்கி ஏறினால் பிரேக் நனைந்து, கொஞ்ச தூரத்துக்கு வண்டியைக் கடவுள்தான் நிறுத்த வேண்டும். கைபிரேக் பேருக்குத்தான். மேட்டில் நின்றால் என் மனைவி குதித்து இறங்கிச் சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வைப்பாள். அந்தக் கட்டை எப்போதும் அவள் காலடியிலேயே கிடக்கும்.

இதை ஏன் கட்டி அழுகிறாய் என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். பளபளக்கும் புது வண்டிகள் புதைந்து நிற்கிற சேற்றில் இது நாலு சக்கரமும் இழுக்க முனகிக்கொண்டே ஏறிவிடும். எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை.

மனைவிக்குத்தான் பொறுமை தீர்ந்துபோனது. சுங்காய் என்ற ஊரில் ஒருவர் வண்டியை வாங்கத் தயாராக இருந்தார்.

"இந்தத் திருவிழாவுக்கு ஓட்டுங்க. வழியில ரோசாக் ஆயி நின்னுச்சுன்னா வித்துடணும். பேச்சு மாறக்கூடாது" என்றாள்.

ரோசாக் என்றால் பழுது. சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

நாங்கள் பிறந்த தோட்டத்தில் இப்போது ரப்பரும் இல்லை, தொழிலாளர் குடியிருந்த லயங்களும் இல்லை. செம்பனை மரங்களுக்கு நடுவே, மேட்டில் மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. ஆண்டுத் திருவிழாவுக்கு ஈப்போவுக்குக் குடிபோன தோட்டத்துச் சனம் எல்லோரும் வந்துவிடுவார்கள். மழை பெய்தால் கார்கள் அடிவாரத்தோடு சரி. அன்னதானச் சோறும் சாம்பாரும் எங்கள் ஃபோர்வீலில்தான் மேலே போகும்.

இந்த வருடம் அடிவாரத்தில் கோயில் கமிட்டிக்காரர்கள் வண்டிக்கே பூசை போட்டார்கள். முன்பக்கம் முழுக்க மஞ்சள் துணி, அதன்மேல் வேப்பிலை, அதற்கும் மேல் தடித்த சாமந்தி மாலை. நான் எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தால் நசுக்கிவிட்டுக் கிளம்பினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாதி மேட்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. முன்னால் ஆவி கிளம்பியது. நிறுத்தினேன். அவள் இறங்கிக் கட்டை வைத்தாள்.

பானட்டைத் திறந்தேன். ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. தண்ணீர் பம்பில் ஒழுகல் இல்லை. தெர்மோஸ்டாட்டாக இருக்குமோ? பின்னால் சோற்று அண்டா, மேலே பசியோடு சனம். என் வண்டி சுங்காய்க்குப் போய்விட்டது என்று நினைத்ததும் கண் கலங்கியது. அதற்கு ஆவிமேல் பழி போட்டேன்.

அவள் முன்பக்கம் வந்து நின்றாள். மாலையை விலக்கி, வேப்பிலையைத் தள்ளி, துணியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இங்க வாங்க. இவ்வளவும் கட்டுனா உள்ள காத்து எப்படிங்க போகும்? மூக்கையும் வாயையும் பொத்திட்டு மேடு ஏறுன்னா நீங்க ஏறுவீங்களா?"

ரேடியேட்டர் முழுவதும் அந்தத் துணிக்குப் பின்னால் மூச்சுமுட்டிக் கிடந்தது. இருக்கிற கோளாறையெல்லாம் தேடிய எனக்கு அது கண்ணில் படவில்லை. சாமிக்குக் கட்டியதைக் கோளாறு என்று நினைக்க மனம் போகவில்லை. அவள் துணியை அவிழ்த்துக் கண்ணில் ஒற்றி மடித்து வைத்தாள். சூடு ஆறும்வரை காத்திருந்து தண்ணீர் ஊற்றினோம். பானட்டை மூடி, அதன்மேல் இருந்த உபரிச் சக்கரத்துக்கு மாலையைப் போட்டாள். வண்டி ஒரே மூச்சில் மேலே ஏறியது. பெண்கள் குலவை போட்டார்கள்.

சோறு இறக்கும்போது எனக்கு உறைத்தது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், வண்டி கைமாறியிருக்கும். கேட்டே விட்டேன்.

"ரோசாக் ஆனாத்தானே விக்கணும்னு சொன்னேன்? இது ரோசாக் இல்லலா" என்றாள். எனக்கு அவளை அங்கேயே கும்பிடத் தோன்றியது.

சாப்பிடும்போது சுங்காய்க்காரர் போன் செய்தார். என் கை சோற்றில் இருந்தது. அவள்தான் எடுத்தாள்.

"வண்டி விக்கிறதுக்கில்லண்ணே. சாமி சோறு தூக்குற வண்டி. அடுத்த வருசம் சாப்பிட வாங்க, ஏத்திக்கிட்டு வாரோம்."

பிறகு என்னைப் பார்த்து, "அந்தக் கைபிரேக்க மட்டும் பாருங்க" என்றாள்.

திரும்பும்போது கட்டை அவள் காலடியில்தான் இருந்தது.