ஒரு பாஷை போதும்

இரண்டு வயது முடிந்தபோது என் மகள் ஒரு சொல்லும் பேசவில்லை. அம்மா, அப்பா கூட இல்லை. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு ஒலி வரும், கையை நீட்டி வேண்டியதைக் காட்டுவாள், காரியம் நடந்துவிடும். நான் கவலைப்படவில்லை என்று சொன்னால் பொய். கவலைப்பட்டேன், ஆனால் தப்பான இடத்தில் கவலைப்பட்டேன். அதை எழுதிவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்து, இன்றைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் வீடு வலியசாலையில். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம். என் கணவர் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறார், நான் சர்க்கார் ஆபீசில் ஃபைல் பார்க்கிறவள். மகளைத் தெருக்கோடியில் உள்ள ப்ளே ஸ்கூலில் விட்டிருந்தோம். அங்கே பிள்ளைகளை விடும் தாய்மார்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருந்தது. அந்தக் குழுவில் நான் பாதி டாக்டர்.

சளி பிடித்தால் கற்பூரவள்ளி இலையை வாட்டிப் பிழியுங்கள் என்பேன். வயிறு இறுகினால் உலர்ந்த திராட்சையை ஊறவைக்கச் சொல்வேன். சாப்பிட மறுக்கும் பிள்ளைக்கு ஏத்தன் வாழைக்காய்ப் பொடியில் கஞ்சி காய்ச்சும் விதத்தைப் படிப்படியாக எழுதுவேன். ஆபீசில் குறிப்பு எழுதிப் பழகிய கை, சும்மா இருக்காது. எல்லாவற்றையும்விட எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தூக்க விஷயம். மற்ற வீடுகளில் குழந்தை தூங்கினால் காலிங் பெல்லை அணைத்து வைத்தார்கள், மிக்ஸியை ஓட்டப் பயந்தார்கள். என் மகளோ சமையலறையை ஒட்டிய அறையில் படுத்தபடி, குக்கர் ஐந்து விசில் அடித்தாலும் அசைய மாட்டாள். "எப்படி இப்படிப் பழக்கினீர்கள்?" என்று கேட்டார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, அறையை இருட்டாக்குவது, சத்தத்துக்குச் சிறுவயதிலேயே பழக்குவது என்று ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். இரண்டு பேர் அதை ஸ்டார் போட்டு வைத்துக்கொண்டார்கள். இப்போது அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

பேச்சு வராததைப் பற்றி நானே ஒருநாள் குழுவில் கேட்டேன். பதில்கள் கொட்டின. தங்கத்தையும் வசம்பையும் தேனில் உரைத்து நாக்கில் தடவச் சொன்னார் ஒருவர். தடவினேன். மொபைல் காட்டாதே என்றார்கள். காட்டுவதை நிறுத்தினேன். எங்கள் வீட்டுக்காரர் மூன்று வயதில்தான் வாய் திறந்தாராம், இன்றைக்கு வக்கீல், என்று ஒருத்தி எழுதினாள். அதைப் படித்ததும் பாதி பாரம் இறங்கியது. தடுப்பூசி போட்ட டாக்டர், "கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறாளா?" என்று கேட்டபோதும், பார்ப்பாளே என்று பட்டென்று சொன்னேன். என்னைக் கண்டால் ஓடி வருகிற குழந்தை, கூப்பிட்டால் வரமாட்டாளா என்ன?

கடைசியில் ப்ளே ஸ்கூல் டீச்சர்தான் காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

"வீட்டில் தமிழு, இவிடெ மலையாளம். குட்டி கன்ஃப்யூஷனிலாணு. ஒரு பாஷ மதி, கேட்டோ?"

ஒரு பாஷை போதும் என்பது எனக்குச் சட்டென்று சரி என்று பட்டது. குழுவில் போட்டேன், ஆமாம் ஆமாம் என்று எல்லோரும் கைதூக்கினார்கள். இரண்டு பாஷை நடுவில் பிள்ளை திண்டாடுகிறது, ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது வந்துவிடும். கணக்கு சுத்தமாக இருந்தது. ஸ்கூல் மலையாளம், தெரு மலையாளம், ஆபீஸ் மலையாளம். அப்படியானால் எடுக்க வேண்டியது எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கணவருக்குப் பிடிக்கவில்லை. "நம்மாத்துல நாம தமிழ் பேசாம எப்படி? எனக்கு வாயே வராது."

"ஒரு வருஷம்தானே. அவ பேச ஆரம்பிக்கட்டும். தமிழ் எங்க ஓடிப்போறது?"

"ஒருக்கா டாக்டர்கிட்ட கேட்டுண்டு பண்ணலாமே."

"எல்லாம் கேட்டாச்சு. நீங்க சும்மா இருங்கோ."

யாரிடம் கேட்டேன்? குழுவில் கேட்டேன். எனக்கு அப்போது அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் ஜலம் வெள்ளமானது, சாதம் சோறானது. உக்காரு என்பதற்கு இரி என்றேன். ஆபீசில் சரளமாக வரும் அதே மலையாளம், மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் பேசும்போது கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு அறிவிப்பு போல விறைத்துக்கொண்டு வந்தது. கொஞ்ச வராது, திட்ட வராது. நாக்கு நுனி வரை வந்த தமிழை விழுங்கிவிட்டு, மலையாளத்தைத் தேடி எடுப்பதற்குள் கொஞ்சவேண்டிய நேரம் போய்விடும். அதனால் மெல்ல மெல்லப் பேச்சையே குறைத்துவிட்டேன். அதையும் அப்போது நான் கவனிக்கவில்லை.

மகள் மாறினாள். அதற்கு முன்னால், "செருப்பை எடுத்துண்டு வா" என்றால் எடுத்து வருவாள். ஜலம் வேண்டுமா என்றால் தலையை ஆட்டுவாள். பேசத்தான் மாட்டாளே தவிர, புரியாத குழந்தை இல்லை. மலையாளத்துக்கு மாறிய பிறகு, இரி என்றால் விழித்துக்கொண்டு நிற்பாள். வெள்ளம் என்று தம்ளரை நீட்டினால் தட்டிவிடுவாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, மிகக் கிட்டத்தில் வைத்து உற்றுப் பார்ப்பாள். பிறகு அழுவாள், கடிப்பாள், தரையில் புரளுவாள். இரண்டு வயதுப் பிடிவாதம், எல்லா வீட்டிலும் உண்டு, கண்டுகொள்ளாதே என்றது குழு. நானும் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகினேன். என் முகத்தைப் பிடிக்க வந்த கையைப் பலமுறை விலக்கியிருக்கிறேன்.

இப்படி ஒன்பது மாதம் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொன்முடிக்குக் கிளம்பி, மலையில் பனிமஞ்சு மூடியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, அடிவாரத்தில் கல்லாறிலேயே நிறுத்திக்கொண்டோம். ஆற்றோரத்தில் ஒரு சின்னச் சாயாக்கடை. நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மகள் கடைக்கு முன்னால் மண்ணில் கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஒரு வேன் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற அந்தப் பாட்டு ஒலித்தது. நான் எழுந்து, "இங்கோட்டு வா" என்று கத்தினேன். கடைக்காரம்மா கத்தினார். சாயா குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் கத்தினார்கள். அவள் அடுத்த கல்லை எடுத்து, முந்திய கல்லின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

கணவர் பாய்ந்து போய் அள்ளிக்கொண்டு வந்தார். யாரோ வேனை ஓங்கித் தட்டினார்கள், வேன் நின்றது. ஒன்றும் ஆகவில்லை. எனக்குப் பயத்தில் கோபம் வந்தது. "என்ன பிடிவாதம் பாருங்கோ, இத்தனை பேர் கத்தறோம்" என்று அவள் கையைப் பிடித்து உலுக்கினேன். கடைக்காரம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தார். குழந்தையின் முதுகுப்பக்கமாக நின்று, ஒரு முறை ஓங்கிக் கைதட்டினார். அவள் திரும்பவில்லை. பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"மோளுக்கு செவி கேள்க்கில்லே?"

ஒரு வருஷமாக நூறு யோசனைகள் வந்திருக்கின்றன எனக்கு. இந்த ஒரு கேள்வியை யாரும் இப்படி நேராகக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும் வழியில் மகள் என் மடியில் தூங்கினாள். வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைக் கடந்து போயின. ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் இமையைப் பார்த்தேன். அது அசையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிரசவ ஃபைலை எடுத்தேன். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, பில் எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் துண்டுச்சீட்டு இருந்தது. பிறந்த மூன்றாம் நாள் எடுத்த காதுப் பரிசோதனை சரியாக வரவில்லை, ஒரு மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. அன்றைக்கே படித்தது நினைவுக்கு வந்தது. காதில் நீர் கோத்திருக்கும், பச்சைக் குழந்தைக்கு அது சகஜம் என்று யாரோ சொன்னார்கள். தொண்ணூறு நாள் பத்தியம், வெளியே போகக் கூடாது. பத்தியம் முடிந்தபோது சீட்டு அடியில் போய்விட்டது. பத்து வருஷத்துக்கு முந்திய ஃபைலில் விட்டுப்போன ஒரு கையெழுத்தைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிறவள் நான்.

பரிசோதனை நடந்த அறையில் சுவரெல்லாம் பஞ்சு வைத்து மூடியிருந்தது. செய்தவர் என்னைவிட வயதில் சின்ன பெண். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகக் குறைவு, மெஷின் வைத்தால் பலன் உண்டு, ஆனால் தாமதமாகிவிட்டது என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். பிறகு, இத்தனை நாள் நீங்கள் சொல்வது அவளுக்கு எப்படிப் புரிந்தது என்று கேட்டார். செருப்பு எடுத்து வந்ததைச் சொன்னேன். தலையாட்டியதைச் சொன்னேன். அப்புறம் பிடிவாதமாகிவிட்டாள் என்றேன். எப்போதிலிருந்து, அப்போது வீட்டில் ஏதாவது மாறியதா என்று கேட்டார். பாஷை மாற்றிய கதையைச் சொன்னேன்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தினார்.

"சேச்சி, குட்டி நிங்ஙளுடெ சுண்டு நோக்கியாணு மனசிலாக்கியிருந்நது."

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டிருந்தாள். காதில் விழாத பாஷையை, யாரும் சொல்லித்தராமல், என் உதட்டசைவிலிருந்து தானே கற்றுக்கொண்டிருந்தாள் என் மகள். ஜலத்துக்கு உதடு எப்படிப் போகும், செருப்புக்கு எப்படிக் குவியும் என்று இரண்டு வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தாள். நான் ஒரே நாளில் அத்தனையையும் மாற்றிவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்த ஒரே வழியை அடைத்துவிட்டு, ஒன்பது மாதம் அவளைப் பிடிவாதக்காரி என்றேன். என் முகத்தைப் பிடித்துக் கிட்டத்தில் பார்த்தாளே, அங்கே பழைய அம்மாவைத் தேடியிருக்கிறாள். இதற்கு எத்தனை பேர் எத்தனை விதமாகச் சமாதானம் சொன்னாலும் நான் என்னை மன்னிக்கவில்லை.

இனி எந்த பாஷையில் பேசுவது என்று கேட்டேன். எதில் யோசிக்காமல் திட்ட வருமோ அதில் பேசுங்கள், இரண்டு பாஷையால் எந்தக் குழந்தைக்கும் பேச்சு நிற்காது, என்றார். அன்றைக்கே தமிழுக்குத் திரும்பினோம்.

மெஷின் வந்தது. சினிமாவில் காட்டுவது போல அவள் கண் விரிந்து சிரிக்கவில்லை. பயந்து அலறினாள், பிடுங்கி எறிந்தாள். ஒருமுறை தோசைமாவுக்குள்ளிருந்து எடுத்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று பழக்கினோம். குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன், தூக்கத்தைப் பற்றி நான் கொடுத்த யோசனையைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள் என்றும் எழுதினேன். கைகூப்பும் படங்கள் வந்தன. பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடச் சொல்லி ஒருத்தி எழுதினாள். அதற்கு முந்திய வாரம் வரை நானும் அவளாகத்தான் இருந்தேன்.

இனி அவள் உதட்டைப் பார்க்காமல் காதால் கேட்கப் பழக வேண்டும். அதற்கு ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையால் வாயை மறைத்துக்கொண்டு சொல்லைச் சொல்ல வேண்டும், பிறகுதான் பொருளைக் காட்ட வேண்டும். முதல் நாளே அவள் என் கையைப் பிடுங்கி விலக்கினாள், உதட்டைப் பார்க்க. அவளுக்கு நான் திருப்பிக் கொடுத்த உதட்டை மறுபடியும் மறைப்பது எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் மறைத்தேன். ஜலம். செருப்பு. அப்பா. அம்மா. காலையில் அரை மணி, ஆபீஸ் விட்டு வந்து அரை மணி. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம். சில நாள் தலை திரும்பியது போல இருக்கும், மறுநாள் ஒன்றும் இருக்காது. கணவர் என் பக்கத்தில் வந்து உட்காருவார், தானும் கையை வாயில் வைத்துக்கொள்வார்.

நாலாவது மாதத்தில் ஒரு காலை. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, நான் கீரை நறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எங்கள் வீட்டில் அதுவரை கேட்டிராத குரல்.

"ம்மா."

திரும்பினேன். சமையலறை வாசற்படியில் மகள் நின்றிருந்தாள். தன் சின்ன உள்ளங்கையால் வாயை இறுக்கப் பொத்திக்கொண்டிருந்தாள். விரல்களுக்கு நடுவிலிருந்து மறுபடியும் சொன்னாள்.

"ம்மா."

சொல் என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே சொல்லிக் காட்டினோம்.

கத்தியைக் கீழே வைத்தேன். கையை எடு என்று திருத்தவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, உதடு கோணி நடுங்கியது, அதை அவள் பார்த்துக் குழம்பக் கூடாது. நானும் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"என்னடி, கண்ணா?"

அவளுக்குக் கேட்டது. ஓடி வந்தாள்.