சிவப்பு என்றால் வெற்றிலை

என்ன காய்ச்சல் என்று கண்டுபிடிக்கும் தொழிலில் தப்பிப் பிழைப்பவர் பெரும்பாலும் நோயாளி அல்ல, கண்டுபிடித்த டாக்டர்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் பொழுதெல்லாம் காத்திருந்து, "ஒன்றுமில்லை, போ" என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முதல் ஜெர்மன் சண்டை முடிகிற வருஷம், விஷ ஜுரம் ஊர் ஊராக வாரிக்கொண்டு போனபோது, பூந்தமல்லிப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நான் கம்பவுண்டர்.

எல்லாம் மலேரியா

முதலில் எங்கள் டாக்டருக்கு எல்லாக் காய்ச்சலும் மலேரியாதான். அலமாரியில் இருந்தது மலேரியாவுக்கான கொயினா மட்டும். மருந்துக்குத் தக்க நோய். மண்ணூர்பேட்டைக் குடியானவர் ஒருவர் விலாவைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிக் கிடந்தார். அவருக்கும் கொயினாத் தண்ணீர். இருமல் நிற்கவில்லை, கொயினாவின் வேகத்தில் காதுதான் அடைத்தது. மறுபடி நான் குவளையை நீட்டியபோது தள்ளிவிட்டுச் சொன்னார்: "ஜொரம் நெஞ்சுல கீது நைனா, நீ இன்னாத்துக்கு என் காத அடைக்கிறே?"

பூதக்கண்ணாடி

பிறகு பட்டணத்திலிருந்து பூதக்கண்ணாடி வந்தது. சளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் ஏற்றி, டாக்டர் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் ஒரு கிருமி தெரியும், மறுநாள் வேறொன்று. நிஜமான கிருமி அந்தக் கண்ணாடிக்கு அகப்படாத பொடிசு என்று வெகுகாலம் கழித்துத்தான் உலகத்துக்கே தெரிந்தது. அன்று அவர் என் மேல் பாய்ந்தார்: "ஓய், ஒழுங்கான சளி கொண்டுவரத் தெரியாதா உமக்கு?"

நெமிலிச்சேரிப் பெரியவர்

கண்ணாடி கைவிட்டதும் சளியின் நிறத்தைப் பார்த்துத் தரம் பிரித்தோம். சிவப்பு என்றால் நுரையீரலில் ரத்தம். அவர்களுக்குத் தனிக் கொட்டகை, கூடவே ஒரு நர்ஸ், சுடுகஞ்சி, பிராந்தி. நெமிலிச்சேரிப் பெரியவர் ஒருவர் குவளை நிறையச் சிவப்பாகத் துப்பியிருந்தார். டாக்டர் பதறிப்போய் அவரைக் கொட்டகையில் சேர்த்து, வெள்ளைக்கார மேலதிகாரியையே கூட்டிவந்து காட்டினார். பெரியவர் எழுந்து உட்கார்ந்தார், மடியைத் துழாவினார், மேலதிகாரியிடமே கேட்டார்: "தொரை, பாக்கு தீந்து பூட்ச்சி, ஒரு துண்டு கீதா?"

முத்தாபுதுப்பேட்டை ஆள்

மேலதிகாரி சிரித்த சிரிப்பு டாக்டரைச் சுட்டுவிட்டது. அன்றிலிருந்து சிவப்பு என்றால் வெற்றிலை. அடுத்த வாரம் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ரயில்பாதைக் கூலியாள் ஒருவரை அவர் மனைவி கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். கட்டுமஸ்தான வாலிபர். காய்ச்சல் வார்டில் சொந்தக்காரர்களுக்கு இடமில்லை என்பது சட்டம். அவளை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே குவளையில் சிவப்பு. டாக்டர் எட்டிப் பார்த்து, "வெற்றிலையைப் பிடுங்குங்கள்" என்று நகர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை. ஆயா மடியெல்லாம் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. "எங்கேயாவது ஒளித்திருப்பான்" என்றார் டாக்டர். கொட்டகையில் கட்டில் காலியாகவே கிடந்தது. பொழுது சாய்வதற்குள் உதடு நீலம் பாரித்து அவர் போய்ச் சேர்ந்தார்.

வாசலில் உடம்பை ஒப்படைக்கும்போது டாக்டர், "வெற்றிலை போட்டே நோயை மறைத்துவிட்டான் அம்மா" என்று சமாதானம் சொன்னார். அவள் அழுகையை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவருக்கு வெத்தலையே ஆவாது சாமி. எங்க கண்ணாலத்தன்னிக்கி கூட வாயில வெக்கல."

எங்கள் ஆஸ்பத்திரியில் நோயைக் கண்டுபிடிக்க எத்தனையோ வழி இருந்தது, வாசலில் நின்றவளை ஒரு வார்த்தை விசாரிப்பதைத் தவிர.