ஆயில் விளக்கில் ஒட்டிய பொட்டு

நேற்று மத்தியானம் மருமகன் கைபேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். பழைய ஜப்பான் கார் ஒன்றின் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு பையன் பேசுகிறான். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர். இரண்டாயிரத்து அறுநூறு சி.சி. சிலிண்டரின் வாய் எண்பது மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் எண்பத்தைந்து. எல்லாம் சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினான். டாஷ்போர்டில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. என்ஜின் பிடித்ததும் அணைந்தது. அது அணைகிற வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. அறுபது வயதைத் தாண்டியவள், யாரோ ஒருவன் காரில் ஒரு விளக்கு அணைய வேண்டுமே என்று சோபாவின் நுனிக்கு வந்துவிட்டேன். சிரிக்காமல் கேட்பதாக இருந்தால் காரணத்தைச் சொல்கிறேன்.

அதே ஆறு சிலிண்டர் வண்டி ஒன்று தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய ஓட்டுக் கொட்டகையில் நின்றது. கொல்லத்துக்காரர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்து இறக்கியது. என் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து முதல் லீவில் வந்தபோது அவரிடம் கைமாற்றி வாங்கினார். அங்கே அவருக்கு இதே மாதிரி வண்டிகளைப் பழுது பார்க்கிற வேலை. ஊரில் அதற்குக் ‘கப்பல் காரு’ என்று பெயர். ஓடுகிற என்ஜினின் தலையில் தம்ளர் நிறையத் தண்ணீரை வைத்து, தளும்பவில்லை பார் என்று காட்டுவார். எனக்கு அந்தத் தண்ணீர் எங்கே ஒயரில் கொட்டிவிடுமோ என்றுதான் இருக்கும். நான் அப்படித்தான். குற்றாலத்துக்குக் குளிக்கப் போனாலும், அருவியைப் பார்க்காமல் கழற்றி வைத்த செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள்.

லீவு முடிந்து அவர் போனதும் கடிதங்கள் வர ஆரம்பித்தன. “ஞாயிற்றுக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஓடவிடு. அதற்கு முன் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு உருவிப் பார். எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ரேடியேட்டர் மூடியை என்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திற. சூடு காட்டுகிற முள் நகர்கிற வரை ஆக்சிலேட்டரை மிதிக்காதே. சிவப்பு விளக்கு மூன்று விநாடிக்கு மேல் எரிந்தால் உடனே நிறுத்திவிடு. எண்ணெய் ஏறாமல் ஓடினால் ஏழு பேரிங்கும் போய்விடும்.” நானும் பிள்ளையும் சுகமா என்பது கடைசி வரியில் வரும்.

ஒரு கடிதத்தின் ஓரத்தில் 1-5-3-6-2-4 என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். ஆறு சிலிண்டரிலும் தீப்பொறி பாய்கிற வரிசை அது. என் மாமனார் அதைப் பார்த்தார். ஆறு இலக்கம். மகன் வெளிப்படையாக எழுதாமல் சூசகமாக எழுதியிருக்கிறான் என்று அவருக்கு ஒரே நிச்சயம். அந்த ஓரத்தை மட்டும் கத்தரியால் வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி ஆரியங்காவுக்குப் போய் அந்த எண்ணில் கேரள லாட்டரிச் சீட்டைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டார். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

நானும் ஒழுங்காகப் பதில் எழுதினேன். “சனியன் இன்றைக்கு மூன்று தரம் இருமிவிட்டுத்தான் பிடித்தது. பெட்ரோல் வாடை சேலையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மேலே தையல் மிஷின் மாதிரி டிக்டிக் என்கிறது, அப்படி இருக்கலாமா?” எங்கள் பக்கத்தில் நல்ல என்ஜினை ‘பேசுது’ என்பார்கள். கோளாறு என்றால் ‘முனங்குது’. பேசுகிறதா முனங்குகிறதா என்று தெரியாமல் நான் பாதிக் கடிதத்தைத் திட்டியே நிரப்பிவிடுவேன்.

பிறகு ஒரு ஆடி மாதத்து ஞாயிறு. வெளியே சாரல். குற்றாலத்துக்குப் போகிற சீசன் வண்டிகள் தெருவில் வரிசையாக ஹாரன் அடித்தன. சாவியைத் திருப்பினேன். என்ஜின் பிடித்தது. சிவப்பு விளக்கு அணையவில்லை. மூன்று எண்ணினேன், நான்கும் எண்ணினேன், பதறி நிறுத்தினேன். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் சரியாக இருந்தது. அதுதான் இன்னும் பயமாகிவிட்டது. எண்ணெய் இருக்கிறது, ஏறவில்லை. பம்ப் போய்விட்டது. அவர் உயிரை வைத்திருக்கிற வண்டியை நான் கொன்றுவிட்டேன்.

அன்று எழுதிய கடிதத்தில், “வண்டி நன்றாக இருக்கிறது” என்று எழுதினேன். ஒரே வரி. அடுத்த வாரமும் அதே வரி.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நின்றுவிட்டு வருவேன். மாமா வெளியே உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம், “இப்பம்லாம் சத்தமே இல்லாம ஓடுது பாத்தேரா. ஆறு சிலிண்டர்னா ஆறு சிலிண்டர்தான்வே” என்பார்.

நாலு மாதம் இப்படிப் போயிற்று. கார்த்திகையில் தந்தி வந்தது. “வியாழன் காலை திருவனந்தபுரம். காரோடு வா.” ஒப்பந்தம் முடிய இன்னும் ஒரு வருடம் இருந்தது. எதற்காக வருகிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. என் குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

கொழுந்தன் செல்லையா தென்காசி ஸ்டாண்டில் அம்பாசடர் ஓட்டுகிறவன். அவனைக் கூப்பிட்டுப் பானெட்டைத் திறந்தோம். உள்ளே தேங்காய் நாரும் என் பழைய சேலைக் கிழிசலுமாக எலி ஒரு கூடு கட்டியிருந்தது. ப்ளக் ஒயர் இரண்டைக் கடித்திருந்தது. செல்லையா ஆறு ஒயரையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, செங்கோட்டைக்குப் போய்ப் புது ஒயர் வாங்கி வந்தான். வந்தவன் மாட்டாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“மதினி, எனக்கு நாலு சிலிண்டரு வரிசை தெரியும். ஆறு தெரியாது.”

ஓடிப்போய்க் கடிதத்தை எடுத்து வந்தேன். ஓரம் இல்லை. நான் திகைத்து நிற்பதைப் பார்த்து மாமா தொண்டையைச் செருமினார்.

“ஒன்னு, அஞ்சு, மூணு, ஆறு, ரெண்டு, நாலு.”

“எப்படி மாமா உங்களுக்கு...”

“ஒரு நம்பரு கூட விழலட்டி. கட்டையில போற வரைக்கும் மறக்குமா அது?”

ஒயர்களைச் சொருகுகிற மூடியில் ஒன்றாவது துளை எதுவென்று என் வீட்டுக்காரர் லீவில் இருந்தபோதே என் நகப்பூச்சால் புள்ளி வைத்திருந்தார். அங்கேயிருந்து வலப்பக்கம் சுற்றுவதா, இடப்பக்கமா என்பதைத்தான் லாட்டரிச் சீட்டில் யாரும் அச்சடிப்பதில்லை. முதலில் ஒரு பக்கமாகச் சுற்றி மாட்டி, செல்லையா டாக்சியின் பேட்டரியைப் பூட்டிச் சாவியைத் திருப்பியதும், புகைக்குழாய் டமார் என்று வெடித்தது. கோழிகள் சுவரேறின. “கொன்னுட்டியளே லே!” என்று மாமா தெருவுக்கே ஓடிவிட்டார். மறுபக்கமாகச் சுற்றி மாட்டினோம். பிடித்துவிட்டது. ஆனால் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டேதான் இருந்தது.

“சத்தம் நல்லாத்தான் இருக்கு மதினி. வெளக்குதான் பொய் சொல்லுதோ என்னமோ.”

“நெசம் சொல்லுதுன்னா?”

“நெசம்னா மலையில நிப்போம்.” கொஞ்ச நேரம் அந்த விளக்கையே பார்த்தான். “இதப் பாத்துகிட்டே ஓட்டுனா எனக்குக் கை நடுங்கும். ஒரு ஸ்டிக்கர் பொட்டு குடுங்க. பெருசா, கருப்பா.”

கொடுத்தேன். விளக்கின் மேல் ஒட்டினான். அதோடு வண்டி சரியாகிவிட்ட மாதிரி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான்.

வியாழன் விடிந்ததும் கிளம்பினோம். புளியரை தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காதை என்ஜினிலேயே வைத்திருந்தேன். ஒவ்வொரு வளைவிலும் ஒரு பேரிங் தேய்ந்து போகிறதாகக் கணக்கு.

“செல்லையா, முனங்குதாலே?”

“மதினி, நீங்கதான் முனங்குதிய.”

வண்டி நிற்காமல் திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் ஒரே ஒரு தோள்பையோடு விமான நிலையத்திலிருந்து வெளியே வந்தார். மெலிந்திருந்தார். என்னை ஏற இறங்கப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அப்பா எப்படி இருக்கார் என்று செல்லையாவைக் கேட்டார். பிறகு சாவியை வாங்கி ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்தார்.

“இது என்னட்டி?”

நகத்தால் பொட்டைப் பிய்த்து எடுத்தார். அதைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினார். என்ஜின் பிடித்த பிறகும் சிவப்பு எரிந்தது. இறங்கிப்போய்ப் பானெட்டைத் திறந்து, என்ஜின் தலையில் எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றி எட்டிப் பார்த்தார். உள்ளே எண்ணெய் மினுங்கித் தெறித்தது. கையைக் கீழே விட்டுத் துழாவி, தோல் உரிந்த ஒரு மெல்லிய ஒயரை இழுத்தார். விளக்கு அணைந்தது.

“பம்புக்கு ஒன்னும் இல்ல. வெளக்குக்குப் போற ஒயர எலி கடிச்சு, அது எஞ்சின்ல பட்டுகிட்டுக் கெடந்திருக்கு. அதான் எரிஞ்சுது.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “நான் நாலு மாசமா ஓடவிடலங்க. பொய்யா எழுதுனேன்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நீ திட்டி எழுதுனா வண்டி ஓடுதுன்னு அர்த்தம். ‘நன்றாக இருக்கிறது’ன்னு வந்தா என்னன்னு நெனைக்க? ஒனக்கா, பிள்ளைக்கா, அப்பாவுக்கா, வீட்டுல என்னமோ நடந்து போச்சு, நீ மறைக்கன்னு நெனச்சேன். லீவு கேட்டேன், குடுக்கல. எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்.”

“எதை?”

“வேலையத்தான்.”

ஒரு எலியும் ஒரு வரியும் சேர்ந்து செய்த வேலை. அந்த மாதிரி வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அடுத்த கோடையில் கப்பல் கார் கொல்லத்துக்கே போயிற்று. அவர் குற்றாலம் சீசனில் அடுத்தவர் வண்டிகளை ஓட்டினார். கொட்டகை இருந்த இடத்தில் இப்போது ஒரு கைபேசிக் கடை. ஆறு சிலிண்டர் பேசுகிற சத்தத்தை எங்கள் தெருவில் கேட்டவர்கள் என்று இனி நாங்கள் இரண்டு பேரும் செல்லையாவும்தான்.

வேலையை விட்டதில் வருத்தமா என்று ஒரே ஒரு முறை கேட்டேன். வாடகைக் கார் ஒன்றைக் கழுவிக்கொண்டிருந்தார். “அதெல்லாம் ஒன்னும் இல்லட்டி. நல்லாத்தான் இருக்கு” என்றார்.

கடிதமாக இருந்திருந்தால் திருப்பித் திருப்பிப் படித்துப் பார்த்திருப்பேன். ஆனால் அதற்குப் பிறகு அவர் எனக்கு ஒரு கடிதமும் எழுதவில்லை. எழுதுகிற தூரத்துக்கு அவர் போகவே இல்லை.